நெகிரி செம்பிலான் தோட்டக் குடியிருப்புகள்: கட்டட, தீப்பாதுகாப்பு விதிகள்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளுக்கான கட்டட, தீப்பாதுகாப்பு விதிகள் ஒரே சட்டத்தில் அடங்கியவை அல்ல. தோட்ட வீட்டை நெடுங்காலம் ஆண்டது தொழிலாளர் சட்டம். பட்டணத்து வீட்டை ஆண்டது ஊராட்சிக் கட்டடச் சட்டம். இவ்விரண்டுக்கும் பொதுவாகத் தீயணைப்புச் சட்டம் 1988இல்தான் வந்தது. ஆகவே சிரம்பானில் ஒரு கடைவீட்டுக்குச் சுவர் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்று விதி இருந்த காலத்தில், அங்கிருந்து சில மைல் தள்ளி லாபுவிலோ ரந்தாவிலோ இருந்த லயத்துக்கு அந்த விதி செல்லாது. நகர எல்லைகள் விரிந்து தோட்டங்களை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகே இரண்டு சட்டங்களும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தன.

லயங்களின் தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாநிலத்தில் ரப்பருக்கு முன் பரவியது காப்பி. காப்பி விலை சரிந்ததும் அதே நிலங்களில் ரப்பர் ஏறியது. ரந்தாவுக்கு அருகிலுள்ள லின்சம் தோட்டம் இந்த மாற்றத்தைக் கண்ட முன்னோடித் தோட்டங்களில் ஒன்று. கத்ரி நிறுவனத்தின் ரப்பர் வரலாறு அங்கிருந்தே எழுதப்படுகிறது. காடு வெட்டவும் பால்மரம் நடவும் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரப்பட்டபோது வீட்டுக்கென்று தனி வரைபடம் எதுவும் வரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிப்போன நீளக் கட்டடமே இங்கும் எழுந்தது. அதன் பெயரும் கூடவே வந்தது: லயம்.

தொடக்கக் கால லயம் காட்டுக் கம்பு, பலகை, அத்தாப்பு ஓலை ஆகிய மூன்றால் ஆனது. ஓலைக் கூரை வெயிலைத் தணிக்கும், விலையும் மலிவு. ஆனால் சில ஆண்டுகளில் மக்கிப்போகும். காய்ந்திருக்கும் காலத்தில் ஒரு பொறி போதும். குடும்பத்துக்கு ஒரு அறை, அதன் முன்னே ஒரு திண்ணை அல்லது நடைவெளி. அறையின் அளவு வழக்கமாக 10 அடிக்கு 12 அடி. 10க்கு 10 அடி அறைகளும் கட்டப்பட்டன. ஒரே முகட்டின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள் நீளும். அறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பு பல லயங்களில் கூரைவரை எட்டவில்லை. மேலே வெளி விட்டது காற்றோட்டத்துக்கு என்று சொல்லப்பட்டது; பலகைச் செலவும் மிச்சமாயிற்று. ஓர் அறையின் அடுப்புப் புகை மறு கோடியில் மணக்கும். தீயும் அதே வழியில்தான் போகும்.

அரசைத் தோட்ட வீட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தது மலேரியா, தீ அன்று. 1910, 1911 ஆண்டுகளில் புதிதாகக் காடு அழித்த தோட்டங்களில் தொழிலாளர் சாவு பெருகியது. கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டிய மருத்துவர் மால்கம் வாட்சன், மலைச்சாரல் தோட்டங்களில் அதே முறை எடுபடாது என்பதையும் எழுதினார். குன்றும் பள்ளமுமான நெகிரி செம்பிலானுக்கு அவருடைய இந்த இரண்டாவது கருத்தே பொருத்தமானது. 1911இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் தோட்டத் தொழிலாளர் உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குடியிருப்பு எங்கே அமைய வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும், மருத்துவ வசதி எப்படி இருக்க வேண்டும் என்று தோட்டத் துரைக்கு அரசு ஆணையிட அது வழிசெய்தது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு இவற்றை ஒன்றாகத் திரட்டியது. வேலைக்காரர் குழந்தைகள் பத்துப் பேர் பள்ளி வயதில் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும். குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறி போடவும் மாடு கட்டவும் ஒதுக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் ஆயாக் கொட்டகைகளும் பரவியதற்கு இந்தத் தொகுப்பே சட்ட அடிப்படை. துரைமார்கள் அருளால் வந்தவை என்று சில தோட்ட வரலாறுகள் சொல்வது மிகை.

1922இன் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவருடைய ஆண்டறிக்கைகளில் வீடு தவறாமல் இடம்பெற்றது. இந்திய அரசின் சார்பில் 1936 இறுதியில் வந்து பார்த்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை 1937இல் வெளியாயிற்று. கூலி, பாலின விகிதம், கள்ளுக்கடை ஆகியவற்றோடு குடியிருப்பும் அன்றைய வாதப்பொருள்களில் ஒன்று. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. கணவன் மனைவி பிள்ளைகள் என்று நிலைத்துவிட்ட குடும்பங்களுக்கு, தனி ஆளுக்கென்று அளவெடுத்த அறைகள் போதாமல் போனது அதன் பிறகு இன்னும் வெளிப்படையாயிற்று.

லய வகைகள்

கட்டட முறையைக் கொண்டு தோட்ட வீடுகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, முதுகோடு முதுகு ஒட்டிய லயம்: நடுச் சுவர் ஒன்று, இரு பக்கமும் அறைகள். பின்கதவு கிடையாது, குறுக்குக் காற்றும் கிடையாது. தீப்பாதுகாப்பு நோக்கில் நான்கிலும் மோசமானது இதுவே. முன்வாசலில் தீப்பிடித்தால் வெளியேற வேறு வழியில்லை.

இரண்டாவது, கால் நட்டு உயர்த்திய லயம். ஈரத்தையும் காய்ச்சலையும் தவிர்க்கத் தரையைத் தூக்கிக் கட்டும்படி சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தியதன் விளைவு. ஆனால் மேலே அறை, கீழே வெற்றிடம் என்றால் அந்த வெற்றிடம் சும்மா இருக்குமா? விறகு அடுக்கினார்கள், கோழி அடைத்தார்கள், மழைக்காலத்தில் அடுப்பும் மூட்டினார்கள். பலகைத் தரைக்குக் கீழே எரியும் அடுப்பு என்பது எந்தக் கட்டட விதியும் ஒப்பாத அமைப்பு. காய்ச்சலுக்கு மருந்தாக வந்த விதி தீக்கு வழி செய்தது.

மூன்றாவது வகை, தரைமட்டச் சிமிண்டுத் தளத்தில் எழுந்த ஒற்றை வரிசை லயம். முன்பக்கம் அறையும், பின்னால் சில அடி தள்ளித் தனிச் சமையற்கட்டும் இருக்கும். ஓலை போய்த் தகரம் வந்தது. அடுப்பைப் படுக்கையறையிலிருந்து பிரித்த இந்த ஒரு மாற்றம், தோட்டங்களில் பின்னாளில் மாட்டப்பட்ட எந்தக் கருவியையும்விடத் தீயைக் குறைத்திருக்கும். நான்காவது, போருக்குப் பிந்தைய இரட்டை வீடுகள். இரண்டு குடும்பங்களுக்கு ஒரு சுவர் பொது. மற்ற மூன்று பக்கமும் திறந்தவெளி. கல்நார்த் தகடு வேய்ந்த கூரைகளும் இக்காலத்தில் புழங்கின.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் குடியிருப்புகளின் இடத்தையே மாற்றியது. ஒதுக்குப்புறப் பிரிவுகளில் சிதறிக்கிடந்த லயங்கள் காலிசெய்யப்பட்டு, ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் அருகே ஒன்றுசேர்க்கப்பட்டன. சுற்றிலும் முள்வேலி, ஒரே வாசல், இரவில் ஊரடங்கு. கட்டடங்கள் நெருங்கின, வெளியேறும் வழி குறைந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த இந்த நெருக்கம், வேலி அகற்றப்பட்ட பிறகும் பல தோட்டங்களில் அப்படியே நின்றுவிட்டது.

பட்டணத்துச் சட்டம்

நாட்டில் கட்டட விதியைத் தூண்டிவிட்ட பெரும் தீ ஒன்று 1881 ஜனவரியில் கோலாலம்பூரில் மூண்டது. ஓலைக் கூரைக் கடைகள் வரிசையாக எரிந்தன. சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், 1884இல் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். சிரம்பான் முதலிய ஊர்களில் சுகாதார வாரியங்களும், பின்னர் 1930இன் நகர வாரியச் சட்டமும் கட்டட அனுமதியைக் கையில் வைத்திருந்தன. வாரியத்தின் எல்லைக்கல்லோடு அந்த அதிகாரம் முடிந்தது. தோட்டம் தனியார் நிலம். அங்கே வரைபடம் பார்த்தது தொழிலாளர் இலாகா.

விடுதலைக்குப் பின் ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய 1965இல் செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1968 டிசம்பரில் அளிக்கப்பட்டது. நாட்டு ஊராட்சியின் இன்றைய வடிவத்துக்கு வித்திட்ட ஆவணம் என்று அதைச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தேர்தல் பற்றிய அதன் பரிந்துரை ஏற்கப்படவில்லை. எல்லைகளைப் பெருக்கி மன்றங்களை ஒன்றிணைக்கும் சீரமைப்பு நடந்தேறியது. 1974இன் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் (சட்டம் 133), 1976இன் ஊராட்சிச் சட்டமும் (சட்டம் 171) அந்த வரிசையில் வந்தவை. 1976 ஜனவரி 1இல் தீயணைப்புப் பணி ஊராட்சி மன்றங்களின் கையிலிருந்து கூட்டரசுக்கு மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரின் கேம்பல் வணிக வளாகம் எரிந்தது, உயரக் கட்டடத் தீக்கு நாடு ஆயத்தமாக இல்லை என்பதைக் காட்டியது.

சட்டம் 133இன் கீழ் எழுந்ததே 1984ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள். மாதிரி விதிகளை மத்திய அரசு வகுக்கும்; ஒவ்வொரு மாநிலமும் அரசிதழில் வெளியிட்டால்தான் அவை அங்கே செல்லும். எனவே திருத்தங்களும் நாடு முழுதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வருவதில்லை. ஏழாம் பகுதி தீத்தடுப்பு அமைப்புகளையும், எட்டாம் பகுதி எச்சரிக்கை மணி, அணைப்புக் கருவி, வண்டி வந்து சேரும் வழி ஆகியவற்றையும் பேசுகின்றன. வரிசை வீடுகளின் பொதுச் சுவர் கூரைக்கு மேல் குறைந்தது 225 மில்லிமீட்டர் எழ வேண்டும். ஒரு வீட்டுத் தீ முகடு வழியாக அடுத்த வீட்டுக்குத் தாவாமலிருக்கவே இந்த ஏற்பாடு. தீயணைப்பு வண்டி நிற்குமிடத்திலிருந்து 91.5 மீட்டருக்குள் ஒரு நீர்க்குழாய் முனை இருக்க வேண்டும். சன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது.

அறை அளவு பற்றிய விதி தனியே கவனிக்கத்தக்கது. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாம் அறை 9.3 சதுர மீட்டருக்கும் குறையக்கூடாது என்கிறது அது. பழைய அளவில் இவை ஏறக்குறைய 120 சதுர அடியும் 100 சதுர அடியும். அதாவது 10க்கு 12 அடி, 10க்கு 10 அடி. லயத்தில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த வீட்டின் அளவும், பட்டணத்து வீட்டில் ஓர் அறைக்குச் சட்டம் விதித்த குறைந்த அளவும் ஒன்றே.

தொழிலாளர் வீட்டுச் சட்டங்கள்

தோட்ட வீட்டுக்கென்று தனியாக 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டிருந்தன. உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு, 1951 முதல் 1960 வரையிலான அந்தத் துண்டாடலைப் பதிவு செய்தது. துண்டுகளை வாங்கிய சிறு முதலாளிகளுக்கு லயத்தைப் பழுதுபார்க்கும் எண்ணம் அரிதாகவே இருந்தது.

1966இன் சட்டத்தை நீக்கி, 1990இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு, வசதித் தரச் சட்டம் (சட்டம் 446) இடம்பிடித்தது. அதன் பார்வையில் தோட்டம் என்பது 20 ஹெக்டேருக்கு மேற்பட்ட வேளாண் நிலம். குழாய்த் தண்ணீர், மின்சாரம், பழுதில்லாத கட்டடம், பிள்ளைக் கொட்டகை ஆகியவை முதலாளியின் கடமை. வரைபடத்துக்கு ஒப்புதல் தருபவர் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர். வாரத்துக்கு ஒருமுறை மருத்துவ உதவியாளர் குடியிருப்பைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்பது பழைய சட்டத்திலிருந்து தொடர்ந்துவந்த ஏற்பாடு. டிரஸ்ஸர் எனப்பட்ட அந்த உதவியாளர் காலையில் லயம் லயமாக நடந்து, கால்வாய் அடைத்திருக்கிறதா, கக்கூசு கழுவியிருக்கிறதா, தொட்டியில் புழு நெளிகிறதா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அந்த நடையின் நோக்கம் சுகாதாரம். மின்கம்பி இற்றுப்போனதோ, பின்வாசலை அடைத்துத் தடுப்பு எழுப்பியதோ அவர் கணக்கில் வரும் விஷயங்கள் அல்ல.

சட்டம் 446இன் வீட்டுப் பகுதி மாநகர், நகராண்மைக் கழக எல்லைகளுக்கு வெளியேயுள்ள தோட்டங்களைக் குறித்தே எழுதப்பட்டது. எல்லைக்குள் இருப்பவற்றைத் துணைவிதிகள் பார்த்துக்கொள்ளும் என்பது எண்ணம். ஆனால் துணைவிதிகள் பெரும்பாலும் புதிதாகக் கட்டுவோருக்கானவை; முன்பே நின்ற கட்டடங்களில் உயரமானவையும் ஆபத்து மிகுந்தவையும்தான் திருத்தப்பட வேண்டியவையாகக் கருதப்பட்டன. நகர எல்லை லயத்தைத் தாண்டி நகர்ந்தபோது, பழைய லயம் ஒரு சட்டத்திலிருந்து விடுபட்டு, மற்றொன்றில் முழுதாகச் சேராமல் நின்றது. எல்லை மாற்றத்தை வளர்ச்சி என்று வரவேற்றவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்தில் தீ

ரப்பர்க் காலத்தில் தோட்டத்தின் முதன்மைத் தீ அபாயம் வீட்டில் அன்று, புகைக்கூடத்தில் இருந்தது. பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி எடுத்த சீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே பழைய பால்மர விறகை எரித்துப் பல நாள் புகையூட்டுவார்கள். வெப்பம் 45 முதல் 60 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பூசணம், கூடினால் சீட்டு இளகி வழியும். கழியிலிருந்து ஒரு சீட்டு நழுவி அடுப்பில் விழுந்தால் கூடமே போய்விடும். எரியும் ரப்பரைத் தண்ணீர் எளிதில் அடக்காது. ஆகவே இரவுக் காவலுக்கு ஆள் வைத்து, புகைக்கூடத்தைக் குடியிருப்பிலிருந்து தள்ளிக் கட்டினார்கள். 1965இல் தரக்குறியீட்டு ரப்பர்த் திட்டம் வந்து, துகள் ரப்பர் ஆலைகள் பெருகிய பின் தோட்டப் புகைக்கூடங்கள் அருகின. பின்னர் செம்பனை வந்து ரப்பரையே ஓரங்கட்டியது.

வீட்டுத் தீயின் காரணங்கள் வேறு. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் முதல் தலைமுறைக் காரணங்கள். பிறகு தோட்டத்து இன்ஜின் மாலையில் சில மணி நேரம் மின்சாரம் தந்தது. அறைக்கு ஒரு விளக்கு. பொது மின்சாரம் வந்ததும் அதே மெல்லிய கம்பியில் விசிறி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சோற்றுப்பானை என்று ஏறின. பலகைச் சுவர், தடுப்பில்லாத முகடு, பின்னால் ஒட்டுப்போட்ட சமையற்கட்டு, பூட்டிய சன்னல் கம்பி ஆகியவை சேர்ந்தால் லயத்தில் ஒரு வீடு தனியாக எரிவதில்லை. ஊரிலிருந்து செம்மண் பாதையில் வரும் பொம்பா (தீயணைப்பு) வண்டிக்கு அருகில் நீர்க்குழாய் முனையும் கிடைப்பதில்லை. குட்டையோ ஓடையோ பார்த்து இறைக்க வேண்டும்.

1988இன் தீயணைப்புப் பணிச் சட்டம் (சட்டம் 341) தீ அபாயம் எங்கிருந்தாலும் அகற்ற ஆணையிடும் அதிகாரத்தைத் துறைக்குக் கொடுத்தது. குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தீச்சான்றிதழையும் கட்டாயமாக்கியது. 2017 செப்டம்பர் 14இல் கோலாலம்பூர் டத்தோ கிராமட்டில் தஹ்பிஸ் சமயப்பள்ளி விடுதி எரிந்து 23 பேர் மாண்டதும், கம்பியடைத்த சன்னல்களும் ஒற்றை வழியும் நாடெங்கும் பேசுபொருளாயின. ஒருசீர்த் துணைவிதிகள் 2021இல் திருத்தப்பட்டன.

நகர எல்லையும் இன்றைய நிலையும்

2020 ஜனவரி 1இல் சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து சிரம்பான் மாநகர் மன்றம் உருவானது. சிரம்பான் 2, நீலாய் இம்பியான் போன்ற புறநகர்கள் தோட்ட நிலங்களில் எழுந்தவை. ஒரு பக்கம் துணைவிதிகளின்படி கட்டிய வரிசை வீடுகள், மறுபக்கம் எஞ்சிய லயங்கள் என்ற காட்சி இப்பகுதியில் வழக்கமாயிற்று. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தனியார் நிலத்தில் நின்றதால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன, பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது அவற்றுக்கு எளிதாக இருக்கவில்லை.

சட்டம் 446 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறை முதலாளிகளையும் கட்டுப்படுத்துகிறது. தங்குமிடத்துக்குத் தொழிலாளர் துறையின் சான்றிதழ் வேண்டும். இல்லையேல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். கூட்டுத் தங்குமிடத்தில் ஆளுக்கு 3 சதுர மீட்டர், தனி அறை வீட்டில் 3.6 சதுர மீட்டர் இடம் என்பது அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விதி. 2020 டிசம்பரில் அமெரிக்கா, தொழிலாளர் வாழ்நிலையையும் காரணங்களில் ஒன்றாகக் காட்டி சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெய்க்குத் தடை விதித்தது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நிறுவனம் 2024இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட லயங்களில் இன்று மிகுதியும் வெளிநாட்டுத் தொழிலாளர்.

வீட்டைப் பழுதுபார்த்துத் தரும் கடமை முதலாளியுடையது. குடியிருப்போரே செய்துகொள்ள வேண்டும் என்ற நிர்வாகங்களின் வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. கூரை, தண்ணீர், மின்சாரம் பற்றிய முறையீடு தொழிலாளர் துறைக்கும், அடைபட்ட வழி முதலிய தீ அபாயம் தீயணைப்பு மீட்புத் துறைக்கும், அனுமதியில்லாக் கட்டடம் பற்றியது சிரம்பான் மாநகர் மன்றம், போர்ட்டிக்சன், ஜெம்போல் நகராண்மைக் கழகங்கள், ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா, ஜெலுபு மாவட்ட மன்றங்கள் ஆகியவற்றில் உரியதற்கும் செல்ல வேண்டும்.